நாற்பத்திரண்டு வரிகள்

உட்துறைமுக வீதி, கடற்றொழில் அலுவலகம், மேல்மாடி.
இரவு இரண்டு பத்து.
வடகீழ்க் காற்றில் கண்ணாடி முழுக்க உப்பு.
பழைய நிரல் கக்கிப் போட்டிருக்கிறது
கடலுக்குப் போனவர்களை:

படகிலக்கத்துக்குள் புகுந்த டீசல் லீற்றர்,
எங்கோ தாவல், எங்கோ வெறும் இடைவெளி,
மடிந்து அடுத்த வரியில் விழுந்த ஒருவரின் பேர்,
அந்த வரிக்குரியவர் இன்னும் கீழே தள்ளுப்பட்டு,
கடைசி மூதூர் பஸ்ஸில் ஏறிய சனம் மாதிரி.

"வாசலில் ஒட்ட ஒரு பக்கம் போதும் பிள்ளை.
பேர். திரும்புகிறாரா இல்லையா. வேறொன்றும் வேண்டாம்"
என்றுவிட்டு ஜௌபர் சேர்
மறுபடி வானொலியில் குனிந்துகொண்டார்.

எனக்கு இது கைவந்த வேலை.
நடுவில் ஒரு நேர்கோடு போட்டால்
இடப்பக்கம் சொன்னதை வலப்பக்கம் கேட்கும்.
இடைவெளிகளைப் பிழிந்து ஒன்றாக்கினேன்.
வரி முடிவில் ஒட்டிக்கிடந்த
கண்ணுக்குத் தெரியாத விண்டோஸ் வாலை
செட் வைத்து நறுக்கினேன்.
மடிந்த பேர்களை ஓக் எடுத்து முன்வரியோடு தைத்தது.

பத்திதான் நேராகவில்லை.
றெஜினோல்ட்:
எழுதினால் ஐந்தெழுத்து.
ஓக் எண்ணி முப்பது என்கிறது.
கொம்பு வேறு, விசிறி வேறு,
மெய்யின் தலைப் புள்ளிக்கும்
தனியாக மூன்று பைட்.
அரை மாத்திரை என்று படித்த எனக்குச் சிரிப்பு வந்தது.
தமிழ்ப் பேர் வந்த இடமெல்லாம்
பக்கத்துப் பத்தி உள்ளே வெளியே ஆடியது,
அணியம் மட்டும் கட்டிய வள்ளம் போல.

இருபதோடு வெட்டிப் பார்த்தேன்.
வெட்டு எழுத்தின் நடுவில் விழுந்து
பேரின் நுனியில் முளைத்தது
கறுத்த வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி.
கடலில் நிற்கிற மனிசனுக்குப் பின்னால்
அது இருக்கக் கூடாது. அழித்தேன்.

முன்னுக்கு எண்ணிக்கை பார்த்து
இடைவெளிகளை நானே கணக்கிட்டு நிரப்பினேன்.
ஊரை எடுத்தேன், படகிலக்கத்தை எடுத்தேன்.
பதறிப்போய் இரண்டு தரம் கூப்பிட்ட படகுகள்
இரண்டு தரம் கிடந்தன.
ஆகவே சோர்ட். ஆகவே யூனிக்.

நிரை விழுந்தது.
மேலிருந்து கீழே நூல் பிடித்தது போல.
நாற்பத்திரண்டு வரி.
எத்தனை இருக்க வேண்டும் என்று
நான் யாரிடமும் கேட்கவில்லை.

நாலரைக்கு ஒட்டினேன்.
தொலைபேசி வெளிச்சங்கள் நெருங்கி வந்தன.
பாலையூற்று மெற்றில்டா விரலை வைத்தாள்:
அ. றெஜினோல்ட், திரும்புகிறார்.
அதே வரியில் இன்னொரு விரல் வந்து முட்டியது,
திருக்கடலூர்க்காரி,
இடுப்பில் நித்திரைப் பிள்ளை.
"இது என்ரவர்."
"என்ரவரும்தான்."
இரண்டு பேரும் விரலை எடுக்கவில்லை.
ஒரு பேருக்கு ஒரு ஆள்தான் என்பது போல
ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள்.
பிறகு என்னைப் பார்த்தார்கள்.

படியில் ஏறும்போது விளங்கிவிட்டது.
காற்றுக்கு இதில் பங்கில்லை,
கடல் அப்படி ஒன்றும் செய்யவில்லை.
ஒரே மாதிரி இரண்டு வரி;
ஒன்று போதும் என்று சொல்லி வைத்தவள் நான்.

மேலம்பை அழுத்தினேன்.
கட்டளை முழுசாகத் திரும்பி வந்தது,
குற்றப்பத்திரிகை மாதிரி ஒரே வரியில்.
கடைசி நேர்கோட்டுக்குப் பிறகு எல்லாம் அழித்தேன்.
படகிலக்கத்தைக் கூட்டி வந்தேன், ஊரையும்.
இலக்கமும் பேரும் இரண்டும் ஒத்தால் மட்டும்
ஒன்று என்று எண்ணச் சொன்னேன்.

நாற்பத்துமூன்று.

பக்கம் கொள்ளவில்லை. ஊர்கள் ஓரத்தில் மடிந்தன.
'திருக்' மேலே, 'கடலூர்' கீழே.
சேர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை,
பசை போத்தலை நீட்டினார்.

கோணலாய் ஒட்டிய கோணல் பட்டியலில்
ஒரு விரல் ஒரு வரி கீழே இறங்கியது.
அவ்வளவுதான்.
படகுகள் வர இன்னும் நாலு மணித்தியாலம்.

கிழித்துப் போட்ட முதல் பக்கத்தை
கோட்டைப் பக்கமிருந்து வந்த மானொன்று
மதிலோரம் நின்று மென்றது.
நல்ல வடிவான பக்கம்.
ஒரு எழுத்தும் பிசகாமல் நின்றது.